ஈறு இறங்கிருச்சு, எந்த ஆபரேஷன் பண்றது?

கேள்வி: வணக்கம் டாக்டர், எனக்கு 42 வயசு, சிங்கப்பூர் உட்லண்ட்ஸ்ல இருக்கேன். மேல ரெண்டு பக்கமும் கோரப்பல்லுல ஈறு ஏறிப்போயி பல்லு நீளமா தெரியுது, கீழ முன்பல்லு ஒண்ணுலயும் ஈறு இறங்கியிருக்கு. ஐஸ் மைலோ ஒரு வாய் குடிச்சா கூச்சம் மண்டைக்கு ஏறுது. ஒரு டாக்டர் அண்ணத்துலேர்ந்து சதை எடுத்து ஒட்டணும்ங்கிறாரு, இன்னொருத்தர் சின்ன ஓட்டை போட்டு தையலே இல்லாம ஈறை இழுத்து விட்டுரலாம்ங்கிறாரு. வீட்டுக்காரர் பாலம் தாண்டி மலேசியா பக்கம் ஜோகூர் போனா விலை கம்மின்னு சொல்றாரு. எதை நம்புறது?

பதில்: ரெண்டு டாக்டரும் பொய் சொல்லலமா. ஆனா மூணு பல்லுக்கும் சேத்து ஒரே ஆபரேஷன் பேரை முடிவு பண்ணாதீங்க, உங்க கோரப்பல்லுக்கு சரிவர்றது கீழ்ப்பல்லுக்கு சரிவராம போகலாம்.

மொதல்ல கண்ணாடி முன்னாடி நின்னு ரெண்டு பல்லுக்கு நடுவுல முக்கோணமா இருக்குற ஈறைப் பாருங்க. அது முழுசா நிறைஞ்சு இருந்தா அடியில எலும்பும் பெரும்பாலும் இருக்குன்னு அர்த்தம், அப்ப வேரை முழுசா மூட நல்ல வாய்ப்பு இருக்கு. அந்த இடம் கருப்பு ஓட்டையா தெரிஞ்சா நடு எலும்பு கரைஞ்சிருக்கலாம், அப்படி கரைஞ்சிருந்தா எவ்ளோ பெரிய டாக்டர் எந்த முறைல பண்ணாலும் பெரும்பாலும் முழுசா மூடாது, பாதி மூடும், இல்ல இன்னும் ஏறாம நிக்கும். எக்ஸ்ரே எடுத்து, ஈறு ஓரத்துல குச்சி விட்டு மில்லிமீட்டர் கணக்குல அளந்து பாக்காம ஆபரேஷன் தேதி குடுக்குறவங்ககிட்ட தயவுசெஞ்சு பணம் கட்டாதீங்க.

அண்ணத்துலேர்ந்து எடுக்குறதுலயே ரெண்டு வகை இருக்கு, இதை நிறைய பேர் விளக்கிச் சொல்றதில்ல. ஒண்ணு கனெக்டிவ் டிஷ்யூ கிராஃப்ட், அண்ணத்துல மேல்தோலை மூடி மாதிரி லேசா திறந்து உள்சதையை மட்டும் எடுத்துட்டு திரும்ப மூடித் தைச்சுருவாங்க, அந்தச் சதையை வேர் மேல வச்சு ஈறை மேல இழுத்து போத்துவாங்க, நிறம் பக்கத்து ஈறோட ஒத்துப்போகும், ஈறும் தடிமனாகும். இது 1985லேர்ந்து பண்ணிட்டு வர்ற முறை, வேரை மூடுறதுல மத்ததை எல்லாம் இன்னிக்கும் இதோடதான் ஒப்பிட்டுப் பாக்குறாங்க. இன்னொண்ணு ஃப்ரீ ஜிஞ்சைவல் கிராஃப்ட், மேல்தோலோட சேத்து எடுக்குறது, அண்ணத்துல புண்ணு திறந்தே இருக்கும், சூடான வடையில பொத்துப்போன மாதிரி ரெண்டு வாரம் எரியும், ஒட்டுன இடமும் வெளிறுன திட்டா தெரியும். அப்புறம் ஏன் பண்றாங்கன்னா, கீழ முன்பல்லுல உதட்டை இழுத்தா ஈறே சேந்து அசையுற மாதிரி கெட்டியான ஈறு இல்லாதவங்களுக்கு அந்தக் கெட்டி ஈறை உண்டாக்க இதுதான் நல்லா உதவும். அந்த இடத்துல அழகு ரெண்டாவதுமா.

சின்ன ஓட்டை முறைக்கு பின்ஹோல்னு பேரு, கலிஃபோர்னியாவுல ஒரு டாக்டர் கண்டுபிடிச்சு 2012ல ஆய்வா வெளியிட்டது. ஓட்டை வழியா கருவியை விட்டு ஈறை உள்ளேர்ந்து தளர்த்தி நகர்த்தி, நகராம இருக்க கொலாஜன்ங்கிற புரதத்துல செஞ்ச துண்டுங்களைச் செருகுவாங்க. அண்ணத்துல புண்ணு கிடையாது, பல பல்லை ஒரே தடவைல பண்ணலாம், இதெல்லாம் உண்மையான வசதி. ஆனா உங்க ஈறு காகிதம் மாதிரி மெலிசா இருந்தா நான் தயங்குவேன், மெலிசான ஈறை நகர்த்துனா நகர்ந்த இடத்துலயும் அது மெலிசாத்தான் இருக்கும். சதை ஒட்டுன கேஸ்ங்களை ரொம்ப வருஷம் பாத்திருக்கோம், பின்ஹோலுக்கு அந்தளவு நீண்டகால ஆய்வு கிடையாது. அதனால நீங்க எழுதுனதை வச்சு மட்டும் பாத்தா கோரப்பல்லுக்கு உள்சதை ஒட்டுறதைத்தான் நான் மொதல்ல யோசிப்பேன், ஈறு நல்ல தடிமனா இருந்தா பின்ஹோலும் பேசலாம், கீழ்ப்பல்லுக்கு பின்ஹோல் வேண்டாம்.

இதெல்லாத்துக்கும் முன்னாடி உங்க பிரஷ்ஷைப் பாக்கணும். ஒரு அம்மா புதுசா வாங்கி மூணு வாரம்தான் ஆச்சுன்னு பிரஷ்ஷை பையிலேர்ந்து எடுத்துக் காட்டுனாங்க, நாரெல்லாம் ரெண்டு பக்கமும் படுத்துக் கெடந்துச்சு. அந்தக் கையோட ஆபரேஷன் பண்ணா ஒட்டுன சதையும் தேய்ஞ்சுதான் போகும். சாஃப்ட் பிரஷ்ஷை பேனா பிடிக்குற மாதிரி பிடிச்சு ஈறுலேர்ந்து பல்லுப் பக்கமா உருட்டித் தேய்ங்க. கூச்சம் மட்டும்தான் பிரச்சனைன்னா கூச்சத்துக்கான பேஸ்ட், ஃப்ளூரைட் வார்னிஷ்லயே பலருக்கு அடங்கிருது, ஆபரேஷனே வேணாம்.

ஜோகூர் போறது தப்பில்ல, ஆனா பத்து பதினாலு நாள்ல தையல் பிரிக்கணும், அப்புறமும் ரெண்டு மூணு தடவை காட்டணும், ராத்திரி அண்ணத்துல ரத்தம் வந்தா ஜோகூர் போற காஸ்வே பாலத்துல நிக்க முடியாது, அதையும் கணக்குல சேத்துக்கோங்க. இங்க அரசாங்க போலிகிளினிக்ல லெட்டர் வாங்கிட்டு நேஷனல் டெண்டல் சென்டருக்கோ கெண்ட் ரிட்ஜ்ல இருக்குற பல்கலைக்கழக வாய் சுகாதார மையத்துக்கோ போனா சலுகை விலைல பாப்பாங்க, காத்திருக்கணும். உங்க ஆபரேஷனுக்கு மெடிசேவ்ங்கிற மருத்துவச் சேமிப்புக் கணக்குலேர்ந்து எடுக்கலாமா, எவ்ளோ எடுக்கலாம்னு முன்னாடியே எழுத்துல வாங்கிக்குங்க.

முடிஞ்சப்புறம் ரெண்டு வாரம் அந்த இடத்துல பிரஷ் படக்கூடாது, வாய் கொப்பளிக்க மருந்து குடுப்பாங்க. கஞ்சி, ஆறுன இட்லி போதும். உதட்டைத் தூக்கித் தூக்கி கண்ணாடில மட்டும் பாக்காதீங்கமா, புதுசா ஒட்டுன சதை அப்பதான் நழுவும்.

கேள்வி: டாக்டர், நான் முஸ்லிம், தெம்பனீஸ்ல இருக்கேன். சதை எடுக்காம ஏதோ மெம்பிரேன் வைக்கிறேன்னு சொன்னாங்க. அது எதுலேர்ந்து வருது?

பதில்: நல்லவேளை கேட்டீங்க தம்பி. மெம்பிரேன்னா வேர் மேல வைக்கிற மெல்லிய சவ்வு, பெரும்பாலும் கொலாஜன்தான். அதுல பன்றிலேர்ந்து எடுத்ததும் இருக்கு, மாட்டுலேர்ந்து எடுத்ததும் இருக்கு, இறந்தவங்க தானம் பண்ண தோலைப் பதப்படுத்துனதும் இருக்கு. வேர் மேல தடவுற எம்டோகெயின் ஜெல்லும் பன்றிப் பல்லுலேர்ந்துதான். மாட்டுலேர்ந்து வர்றதை வேண்டாம்னு சொல்ற நம்ம இந்து குடும்பங்களும் உண்டு. பின்ஹோல்ல செருகுற துண்டும் இதே கதைதான், அதனால ஓட்டை முறைன்னா ஒண்ணும் வைக்க மாட்டாங்கன்னு நினைச்சுராதீங்க. பொருளோட பேரு, அது எந்த உயிர்லேர்ந்து வந்ததுன்னு கேட்டு கன்சென்ட் ஃபாரத்துல எழுதச் சொல்லுங்க, மார்க்கம் சொல்லித்தர்ற உங்க உஸ்தாஸ்கிட்டயும் ஒரு வார்த்தை கேளுங்க. மனசு ஒப்பலைன்னா உங்க அண்ணத்துச் சதையே இருக்கு, ஒண்ணு ரெண்டு வாரம் எரிச்சல் தாங்குனா போதும்.