அந்த உப்பு மூட்டையை என்ன செய்வது?

கேள்வி: தோல் தொழில்தான் எங்கள் ஊருக்குச் சோறு போட்டது. எங்கள் கிணற்றைக் கெடுத்ததும் அதுதான். ஊரும் வளர வேண்டும், பாலாறும் பிழைக்க வேண்டும் என்று நினைக்கிற தலைமை இங்கே வருமா ஐயா?
– ஓர் ஆசிரியை, வாணியம்பாடி

பதில்: ஒருமுறை வந்தது அம்மா. மேடை, மாலை எதுவும் இல்லாமல், வழக்குக் கட்டோடு வந்தது. தோல் பதனிடும் ஆலைகளான டேனரிகளின் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நலச் சங்கம் உச்ச நீதிமன்றம் வரை போனதால் 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு கிடைத்தது. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம்தான் என்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு சொன்னது. டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். சட்டம் படிக்கிற பிள்ளைகள் இன்றைக்கும் வேலூர் வழக்கைப் படிக்காமல் தேற முடியாது.

சரி, கிணறு கெட்டவர்கள் கதை? 2001-ல் நஷ்டஈடு நிர்ணயித்தார்கள். வாங்காதவர்களுக்கு அரசே முதலில் கொடுத்துவிட்டு, ஆலைகளிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. நடுவில் ஒரு தலைமுறையே போய்விட்டது.

நான் தலைமையை எடைபோடுவது உப்பை வைத்துத்தான். பச்சைத்தோல் அழுகாமல் இருக்க உப்புத் தடவி அனுப்புகிறார்கள். டேனரியில் அதைக் கழுவினால் அத்தனை உப்பும் தண்ணீரில் கரைகிறது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில், தோல் பதனிடப் பயன்படும் குரோமியத்தைப் பிரித்துவிடலாம்; ஆர்.ஓ. என்கிற சவ்வு வடிகட்டி வைத்துத் தண்ணீரையும் திரும்ப எடுத்துவிடலாம். கடைசியில் மிஞ்சும் கழிவுநீரைக் காய்ச்சி வற்றவைத்தால் அழுக்கு நிறத்தில் ஒரு உப்பு நிற்கும். சமையலுக்கு ஆகாது, வாங்கவும் ஆளில்லை. மூட்டை கட்டி ஷெட்டில் அடுக்க வேண்டியதுதான். கூரை ஒழுகினால் மறுபடி நிலத்தடிக்கே போய்விடும். தோலை நனைக்கும் முன்பே உப்பை உதறி எடுத்தால் தலைவலி கொஞ்சம் குறையும். அதற்கு ஆள்கூலி யார் கொடுப்பது என்பதில்தான் இழுபறி. ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் "அந்த மூட்டைக்கு என்ன வழி, யார் செலவில்?" என்று கேளுங்கள். நின்று பதில் சொல்கிறவருக்கு என் ஓட்டும் உண்டு.

கேள்வி: டேனரிகளை மொத்தமாக மூடிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே?
– கல்லூரி மாணவர், குடியாத்தம்

பதில்: தம்பி, டேனரி வேறு, ஷூ கம்பெனி வேறு. ஆம்பூர் பக்கம் காலையில் டிபன் கேரியரோடு கம்பெனி பஸ் ஏறுகிற பெண்கள் தைக்கவும் ஒட்டவும் போகிறார்கள். ஆற்றைக் கெடுத்தது அவர்களுடைய தையல் மெஷின் இல்லை. தோலை ஊறவைத்துப் பதப்படுத்தும் ஈர வேலை. அப்புறம், மூடிவிட்டால் மட்டும் சுத்தமாகிவிடுமா? ராணிப்பேட்டையில் குரோமிய ரசாயனம் தயாரித்த ஒரு குரோமேட் ஆலை 1990-களிலேயே மூடியாயிற்று. ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் கழிவை விட்டுவிட்டுப் போனது. பூட்டின கேட்டிடம் போய் யார் பில்லை நீட்டுவது?

கேள்வி: குப்பையில் காசு இருக்கிறது என்கிறார்களே, நிஜமா?
– இல்லத்தரசி, சத்துவாச்சாரி

பதில்: கொஞ்சம் இருக்கிறது, பிரித்தால் மட்டும். குப்பை மேலாண்மை நிபுணரான நம் வேலூர் சீனிவாசன் சொல்லிக்கொடுத்த, குப்பையைப் பிரித்துக் காசாக்கும் முறையை சத்தீஸ்கரில் உள்ள அம்பிகாபூர் எடுத்துக்கொண்டு, மகளிர் குழுக்களை வைத்தே ஊரைச் சுத்தமாக்கிக் காட்டியது. இங்கே எங்கள் வார்டு ஷெட்டில் ஒரு அம்மா பால் கவரை அலசிக் கொடியில் காயப்போடுகிறார். அலசின கவருக்குத்தான் விலையாம். எங்கள் தெருவில் எல்லாவற்றையும் ஒரே வாளியில் கொட்டுகிற வீடுகளில் ஒன்று கவுன்சிலர் வீடு. எந்த வார்டு என்று கேட்டு எழுதாதீர்கள். அவரும் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்.