வின்ச் வாங்கப் போகிறவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் போதும், சேற்றில் மாட்டிய வண்டியை ரோப்பால் இழுத்து மீட்கும் வின்ச் பற்றிய கேள்விகள் வரிசைகட்டி வர ஆரம்பித்துவிடும். வந்ததில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். எல்லோருக்குமே பட்ஜெட் இறுக்கம்தான், அதை மனதில் வைத்தே பதில் சொல்கிறேன்.

என்னிடம் இசுசு வி-கிராஸ் பிக்கப் இருக்குதுங்க. 9,500 பவுண்டா, 12,000 பவுண்டா? ரெண்டுக்கும் விலையில பெரிய வித்தியாசம் இல்லை, பெருசையே போட்டுடலாம்னு பார்க்கறேன். எந்தக் கம்பெனி நல்லது? (பல்லடம்)

முதலில் ஆர்.சி.யை எடுத்துச் சுமையோடு சேர்ந்த மொத்த எடை என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். காலி வண்டி எடையை வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் பின்னால் மூட்டை ஏற்றிக்கொண்டுதான் காட்டுக்குள் போகிறார்கள், அப்புறம் வின்ச்சைத் திட்டுகிறார்கள். அந்த மொத்த எடையை ஒன்றரையால் பெருக்குங்கள். 2,500 கிலோ என்றால் 3,750 கிலோ, பவுண்டில் ஏறக்குறைய 8,270. அதற்கு 9,500 போதும். 3,000 கிலோவைத் தொடுகிற வண்டிக்கு 9,900 பவுண்டு பக்கம் வரும், அங்கே 12,000 வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது.

ஆனால் ஸ்டிக்கரில் இருக்கும் அந்த 9,500 என்பது, ரோப் சுற்றும் உருளையான டிரம்மில் ஒரே ஒரு அடுக்கு ரோப் இருக்கும்போது மட்டும் கிடைக்கிற இழுவை. மேலே அடுக்கு ஏற ஏற டிரம் தடித்துப்போய் இழுவை குறைந்துகொண்டே வரும், நாலாவது அடுக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போயிருக்கும். மரம் பத்தடியில் இருக்கிறதே என்று பக்கத்திலேயே மாட்டி இழுப்பவர்களுக்குக் கிடைப்பது இந்த நாலாவது அடுக்கு இழுவைதான். தூரத்து மரமாகப் பிடியுங்கள், இல்லையென்றால் ஸ்னாட்ச் பிளாக் என்கிற கப்பியைப் போட்டு ரோப்பை இரண்டாக மடித்து இழுங்கள். வேகம் பாதியாகும், இழுவை ஏறத்தாழ இரண்டு மடங்காகும், மோட்டாருக்கும் சுமை குறையும்.

சேற்றின் கணக்கும் இருக்கிறது. அமெரிக்க ராணுவத்தின் வண்டி மீட்புக் கையேடுகளில், சக்கரம் அளவுக்குப் புதைந்தால் வண்டி எடைக்குச் சமமான எதிர்ப்பு, மட்கார்டு வரை போனால் இரண்டு மடங்கு, கேபின் வரை போனால் மூன்று மடங்கு என்று வைத்திருக்கிறார்கள். உங்கள் பல்லடம், சூலூர் பக்கத்துக் கரிசலில் மட்கார்டு வரை இறங்கின 2,500 கிலோ வண்டிக்கு 5 டன் வேண்டும். நீங்கள் ஆசைப்படும் 12,000 பவுண்டு வின்ச்சின் இழுவையே 5.4 டன்தான், அதுவும் முதல் அடுக்கில். அதனால் மம்முட்டியை எடுத்துச் சக்கரத்துக்கு முன்னால் இருக்கிற மண்ணை முதலில் வெட்டி விடுங்கள். அந்தக் கால் மணி நேர வேலைக்கு ஈடாக எந்த வின்ச்சும் கிடையாது.

மலிவு ரகத்தில் பல 12,000 வின்ச்சுகளில் 9,500-இல் இருக்கும் அதே அளவு மோட்டாரைப் போட்டுக் கியரை மட்டும் மெதுவாக்கி வைத்திருப்பார்கள். கம்பெனியைப் பொறுத்தவரை, இந்த விலையில் வருவதில் பெரும்பாலானவை சீனாவிலிருந்து வருபவை, ஒரே மாதிரி சரக்கு வெவ்வேறு பெயிண்ட்டில் வரும். அதனால் பெயரைப் பார்க்க வேண்டாம். எந்த அடுக்கில் எவ்வளவு இழுக்கும், எவ்வளவு சுமைக்கு எத்தனை ஆம்பியர் எடுக்கும் என்ற அட்டவணை மேனுவலில் இருக்கிறதா பாருங்கள். சொலினாய்டு (மோட்டாருக்குக் கரண்டை விடும் சுவிட்ச்), கார்பன் பிரஷ், ரிமோட் மூன்றும் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். கடைக்காரர் மழுப்பினால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

பழைய ஜீப், இருக்கிற பேட்டரியே தாங்குமா? ரெண்டாவது பேட்டரி வைக்கணும்னு மெக்கானிக் சொல்றார். (காங்கேயம்)

9,500 பவுண்டு வின்ச் முழுச் சுமையில் 400 ஆம்பியர் பக்கம் இழுக்கும். 12 வோல்ட்டில் அது 4,800 வாட், அதாவது 6 எச்.பி.க்கு மேல். தோட்டத்துக் கிணற்றில் ஓடுகிற 5 எச்.பி. மோட்டாரை ஜீப் பேட்டரியில் ஓட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். பழைய ஜீப்பின் ஆல்டர்னேட்டர் தருவது இதில் ஒரு சின்னப் பங்குதான், மீதி மொத்தமும் பேட்டரியிலிருந்துதான் போகிறது.

அதற்காக இரண்டாவது பேட்டரிக்கு ஓட வேண்டாம். வருடத்தில் சில தடவை மாட்டுகிற வண்டிக்கு, பழசாகாத, வண்டிக்குப் பொருந்துகிற பெரிய அளவு பேட்டரி ஒன்று போதும். என்ஜினை ஓடவிட்டு ஆர்.பி.எம்.மை கொஞ்சம் ஏற்றி வைத்துக்கொண்டு இழுங்கள். அரை நிமிடம், முக்கால் நிமிடம் இழுத்தால் நிறுத்தி ஆறவிடுங்கள். மோட்டார் மேல் கை வைத்துப் பார்த்து, வைத்த கையை எடுக்கத் தோன்றினால் இன்னும் ஆறவில்லை என்று அர்த்தம். பேட்டரியும் அந்த இடைவெளியில்தான் கொஞ்சம் தேறும்.

வாங்கும்போது காந்தத்துக்குப் பதில் கம்பிச் சுருள் வைத்த சீரிஸ் வைண்டிங் மோட்டாரா, காந்தம் வைத்த மோட்டாரா என்று கேளுங்கள். காந்த மோட்டார் கொஞ்சம் குறைவாகக் கரண்ட் எடுக்கும், ஆனால் தொடர்ந்து இழுத்தால் சீக்கிரம் சூடாகி இழுவை தொய்ந்துவிடும். சேற்றில் மாட்டுகிறவர்களுக்கு என் ஓட்டு சீரிஸ் வைண்டிங்குக்குத்தான்.

வின்ச்சோட வந்த வயர் எட்டலைங்க, பேட்டரி தள்ளி இருக்கு. 16 ஸ்கொயர் வயர் போட்டு நீட்டிக்கலாம்னு எலக்ட்ரீஷியன் தம்பி சொல்றான். (ஈரோடு)

தம்பி வீட்டு வயரிங் செய்பவராக இருப்பார், 230 வோல்ட் பழக்கத்தில் சொல்கிறார். கணக்கைப் பாருங்கள். பேட்டரியிலிருந்து வின்ச் வரை 3 மீட்டர், திரும்பி வர 3 மீட்டர், ஆக 6 மீட்டர் செம்பு. 16 ஸ்கொயர் எம்.எம். கம்பியில் 400 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 2.6 வோல்ட் போய்விடும். என்ஜின் ஓடாத பேட்டரியின் 12 வோல்ட்டில் மோட்டாருக்குக் கிடைப்பது ஒன்பது சொச்சம், அதுவும் பேட்டரி தன் பங்குக்கு இறங்காமல் இருந்தால். வயரும் கொதிக்கும். அதே தூரத்துக்கு 70 ஸ்கொயர் போட்டால் இழப்பு 0.6 வோல்ட்தான்.

கார் ஆடியோ கடையில் விலை கேட்டு மயங்கி விழ வேண்டாம். வெல்டிங் சாமான் விற்கும் கடைகளில் 70 ஸ்கொயர் செம்பு வெல்டிங் கேபிள் மீட்டர் கணக்கில் கிடைக்கும், நன்றாக வளையும். ஒன்று மட்டும் கவனியுங்கள், அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசினதும் அதே கடையில் அதே கலரில் தொங்கும். நுனியைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம். வயர் நுனியில் மாட்டும் லக்கைச் சுத்தியலால் தட்டி நசுக்காமல் கிரிம்பிங் டூலில் அழுத்தச் சொல்லுங்கள். எர்த்தைச் சேஸிஸ் போல்ட்டில் கொடுக்காமல் நேராகப் பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டுபோங்கள். பேட்டரி பக்கத்திலேயே மொத்தக் கரண்டையும் துண்டிக்கிற ஒரு ஐசொலேட்டர் சுவிட்ச் அவசியம். மலிவு சொலினாய்டில் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால் ரிமோட்டை விட்டாலும் வின்ச் இழுத்துக்கொண்டே இருக்கும், அந்த நேரத்தில் கையில் ஸ்பேனரோடு டெர்மினலைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

இரும்பு ரோப்பா, சிந்தெடிக் ரோப்பா? (வால்பாறை)

பட்ஜெட் இறுக்கம் என்றால் இரும்பு. வெயில், மண், பாறை எதையும் அது பெரிதாகக் கண்டுகொள்ளாது. சிந்தெடிக் எடை குறைவு, கையைக் கிழிக்காது, அறுந்தாலும் இரும்பு அளவுக்குச் சீறி அடிக்காது. ஆனால் வெயிலில் காய்ந்து வலுவிழக்கும், மண் துகள் உள்ளே புகுந்து இழையை அறுக்கும். பிளானட்டரி கியர் வின்ச்சுகளில் பலவற்றில் பிரேக் டிரம்முக்குள்ளேயே இருக்கும், பாரத்தோடு வண்டியை இறக்கும்போது டிரம் சூடேறி அடி அடுக்கு ரோப்பைக் கெடுத்துவிடும். உங்கள் ஊர் எஸ்டேட் சரிவுகளில் இறக்குகிற வேலையும் இருக்கும் என்பதால் சொல்கிறேன்.

சிந்தெடிக்தான் என்று முடிவு செய்தால் முன்னால் இருக்கும் ரோலரைக் கழற்றிவிட்டு ரோப் வழுக்கி வெளியே வருகிற வழவழப்பான அலுமினிய ஹாஸ் போடுங்கள். இரும்பு ரோப் ஓடி வரி விழுந்த ரோலர் மேல் சிந்தெடிக்கை விட்டால் ஒரே மழைக்காலத்தில் பஞ்சு பஞ்சாகிவிடும்.

எந்த ரோப்பாக இருந்தாலும் இழுக்கும்போது நடுவில் நனைத்த சாக்கு ஒன்றைப் போர்த்துங்கள், வேடிக்கை பார்க்கும் பொடிசுகளை ரோப் நீளத்துக்கு மேல் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். டிரம்மில் எப்போதும் இரும்பு என்றால் ஐந்து சுற்று, சிந்தெடிக் என்றால் எட்டுப் பத்துச் சுற்று மிச்சம் இருக்கட்டும். ரோப்பைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்தச் சுற்றுகளின் உராய்வுதான், நுனியில் இருக்கும் அந்தச் சின்ன போல்ட் இல்லை.

எங்க தோப்புல எங்க பார்த்தாலும் தென்னைதான். தென்னையில கட்டி இழுக்கலாமுங்களா? (ஆனைமலை)

வேறு வழியே இல்லை என்றால் மட்டும். தென்னைக்கு ஆணிவேர் கிடையாது, தூரிலிருந்து கிளம்பும் சல்லிவேர்கள்தான். நல்ல திடமான மரம் ஓரளவு தாங்கும், மழையில் ஊறின மண்ணில் சாய்ந்துவிடவும் செய்யும். உங்கள் பக்கம் வேர் வாடல் நோய் வேறு பரவிக் கிடக்கிறது, நோய் கண்ட மரத்தைத் தொடவே தொடாதீர்கள். அதைவிட முக்கியம், தென்னந்தண்டில் பட்ட காயம் வேம்பு, புளி மாதிரி மூடி ஆறாது. அந்தக் காயத்தைத் தேடித்தான் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டை வைக்கும். வண்டியை மீட்டுவிட்டு, காய்க்கிற மரத்தைப் பறிகொடுத்தால் கணக்கு எங்கே உதைக்கிறது என்று உங்களுக்கே தெரியும். ரோப் விறைக்கும்போது மேலே இருந்து தேங்காய் விழுவதையும் நினைவில் வையுங்கள், ரிமோட் பிடித்துக்கொண்டு பலர் நிற்பது சரியாக மரத்தடியில்தான்.

வரப்போரம் பனை இருந்தால் அதைப் பிடியுங்கள். புளி, வேம்பு என்றால் நல்ல பருமனாக இருக்க வேண்டும். எதுவானாலும் 75 மில்லிமீட்டர் அகலப் பட்டையை மரத்தின் அடியில் சுற்றி, இரண்டு காதையும் 4.75 டன் முத்திரை உள்ள ஷாக்கிளில் (லாட வடிவ இரும்பு வளையம்) மாட்டி, கொக்கியை அதில் போடுங்கள். இரும்பு ரோப்பையே மரத்தில் சுற்றி அதன் மேலேயே கொக்கியை மாட்டுவது மரத்துக்கும் கேடு, ரோப்புக்கும் கேடு. பிளாக் போட்டு இழுக்கும்போது ரோப்பில்தான் சுமை பாதி, மரத்துக்கு முழுச் சுமையும் உண்டு. சந்தேகமாக இருந்தால் நீளமான பட்டையால் இரண்டு மரத்தைச் சேர்த்துக் கட்டிச் சுமையைப் பகிருங்கள். மரமே இல்லாத வெட்டவெளி என்றால் ஸ்டெப்னியை நன்றாக ஆழக் குழி வெட்டிப் புதைத்து அதில் பட்டையைக் கட்டலாம். வேலை முதுகை ஒடிக்கும், ஆனால் நிற்கும்.

போர்வெல் ரிக் வண்டியில இருந்து கழட்டின ஹைட்ராலிக் வின்ச் சல்லிசா வருது. பிக்கப்புல போடலாமா? (திருச்செங்கோடு)

உங்கள் ஊரில் இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். வின்ச் நல்ல சரக்குதான், நாள் முழுக்க இழுக்கும். ஆனால் அதற்குப் பம்ப், ஆயில் டேங்க், ஹோஸ், வால்வு எல்லாம் வேண்டும், பிக்கப்பில் பம்ப்பை ஓட்ட, என்ஜின் சுழற்சியை வெளியே எடுத்துத் தரும் பி.டி.ஓ. வேண்டும். இத்தனையும் சேர்த்தால் புது எலக்ட்ரிக் வின்ச்சின் விலை தாண்டிவிடும். விட்டுவிடுங்கள்.

வின்ச்சுக்காகப் பெரிய இரும்பு பம்பர் போட்டா போலீஸ் பிடிப்பாங்களா? (கோவை)

பிடிக்கலாம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வண்டியை அனுமதி இல்லாமல் மாற்றியமைப்பதைப் பற்றியது. முன்னால் மாட்டும் கிராஷ் கார்டும் புல் பாரும் அதற்கு விரோதம் என்று 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. ரோட்டில் நடந்துபோகிறவர் மேல் மோதினால் அந்த இரும்பு என்ன செய்யும் என்பது ஒரு பக்கம், ஏர்பேக் சென்சாரையும் அது குழப்பும். கம்பெனி பம்பருக்குப் பின்னாலேயே சேஸிஸில் போல்ட் போட்டு மறைவாக மாட்டும் பிளேட் வருகிறது. இல்லையென்றால் டிரெய்லர் மாட்டும் ஹிட்ச்சில் சொருகிக் கழற்றும் தொட்டில் மாதிரியான அமைப்பு, காட்டுக்குப் போகும் நாளில் மட்டும் மாட்டிக்கொள்ளலாம். எதுவானாலும் சேஸிஸில் நிற்க வேண்டும், தகட்டில் நிற்கக் கூடாது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

ரிமோட்டை அழுத்தினா 'டக்'னு சத்தம் மட்டும் வருது, சுத்த மாட்டேங்குது. வாரண்டி முடிஞ்சுபோச்சு. (சத்தியமங்கலம்)

சத்தத்தைக் கவனியுங்கள். 'டக் டக் டக்' என்று தொடர்ந்து அடித்தால் வோல்ட்டேஜ் பற்றவில்லை, பேட்டரியையும் லக்குகளையும் பாருங்கள். ஒரே ஒரு 'டக்'கோடு நின்றால் சொலினாய்டு காண்டாக்ட் கருகியிருக்கும், அல்லது பிரஷ் தேய்ந்திருக்கும். சத்தமே இல்லை என்றால் ரிமோட், அதன் சாக்கெட், சொலினாய்டுக்குப் போகும் சின்ன எர்த் வயர். மல்டிமீட்டரை மோட்டார் டெர்மினலில் வைத்துக்கொண்டு இன்னொருவரை ரிமோட்டை அழுத்தச் சொல்லுங்கள். அங்கே வோல்ட்டேஜ் வந்தும் சுற்றவில்லை என்றால் கோளாறு மோட்டாருக்குள்.

பயப்பட ஒன்றுமில்லை. வின்ச் மோட்டார் கிட்டத்தட்ட லாரி செல்ஃப் மோட்டார்தான், அதே ஆர்மேச்சர், அதே ஃபீல்டு காயில், அதே கார்பன் பிரஷ். செல்ஃப், டைனமோ பார்க்கும் பட்டறையில் கொடுத்தால் அளவான பிரஷ் தேடிப் போட்டு, கம்யூட்டேட்டரைக் கடைந்து கொடுத்துவிடுவார்கள். மோட்டார் வைண்டிங் தெரிந்த கைக்குக் கோவைப் பக்கம் பஞ்சமா? பிரித்த கையோடு உள்ளே தண்ணீர் நின்ற கறை இருக்கிறதா பாருங்கள், ஐ.பி. 67 என்று ஒட்டியிருந்தாலும் பாருங்கள். அந்த எண் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதற்கான சோதனை, உங்கள் பள்ளத்துத் தண்ணீரில் வருடக்கணக்காக முங்கி எழுவதற்கு இல்லை. மாதம் ஒரு தடவையாவது ரோப்பைக் கொஞ்சம் விட்டு இழுத்தால் பாதித் தொல்லை வராது.

எனக்குத் தோட்டத்துக்குப் போற இட்டேரியில மழைக்கு ஒண்ணு ரெண்டு தடவைதான் வண்டி மாட்டும். சாதா பிக்கப், ஃபோர் வீல் இல்லை. எந்த வின்ச் வாங்கட்டும்? (கோபி)

வாங்க வேண்டாம். பக்கத்துத் தோட்டத்து அண்ணனிடம் டிராக்டர் இருக்கும், அவரை ஒரு போன் போட்டுக் கூப்பிடுகிற உறவை மட்டும் கெடுத்துக்கொள்ளாதீர்கள். தனியாக மாட்டுகிற பயம் இருந்தால் கையால் நெம்பி இழுக்கும் டிர்ஃபர் ஒன்று போதும். மெதுவாகத்தான் வரும், ஆனால் பேட்டரி வேண்டாம், வயர் வேண்டாம், பம்பரில் கை வைக்க வேண்டாம், முன்னாலும் இழுக்கலாம், பின்னாலும் இழுக்கலாம். பட்டை, ஷாக்கிள், பிளாக் மூன்றையும் இப்போதே வாங்கி வையுங்கள், பின்னாளில் வின்ச் வாங்கினாலும் அதே சாமான்தான்.

வின்ச் மாட்டியாச்சு, அடுத்து என்ன? (அவிநாசி)

ரோப்பைக் கிட்டத்தட்ட முழுதாக அவிழ்த்துவிட்டுத் திரும்பச் சுற்றுங்கள். கம்பெனியில் தளர்வாகச் சுற்றி அனுப்பியிருப்பார்கள், அப்படியே பாரம் கொடுத்தால் மேல் அடுக்கு கீழ் அடுக்குக்குள் புதைந்து இறுகிவிடும். லேசான ஏற்றத்தில் வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, உள்ளே ஒருவர் பிரேக்கை மெல்லப் பிடித்துக்கொண்டிருக்க, மேலே ஒரு மரத்தில் மாட்டி வண்டி தன்னையே இழுத்துக்கொண்டு வரட்டும். கடைசி ஐந்து சுற்று வரை அவிழுங்கள் (சிந்தெடிக் என்றால் எட்டுப் பத்து), அதற்கு மேல் வேண்டாம். தோல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சுற்று ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக விழுகிறதா என்று தள்ளி நின்று பாருங்கள், கோணலாக ஏறினால் நிறுத்திவிட்டு அந்த இடத்திலிருந்து மறுபடி அவிழ்த்துச் சுற்றுங்கள்.