நான்கு ஆட்டம் கூடினால் என்ன?

கேள்வி: அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து லீக்கான டபிள்யூஎன்பிஏவில், அணிக்கு 40 ஆட்டங்கள் என்றிருந்ததை 2025இல் 44 ஆக்கினார்கள். நான்கு ஆட்டம் கூடுவது அப்படியென்ன பெரிய பாரம்? எங்கள் பக்கத்துக் கோடைப் போட்டிகளில் பிள்ளைகள் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று ஒரே நாளில் இரண்டு ஆட்டம் ஆடுகிறார்களே!
– ஒரு வாசகர், காட்பாடி

பதில்: அந்தப் பிள்ளைகளை நானும் பார்த்திருக்கிறேன். ஒரு மே மாதம், வேலூரில், மாலை நான்கு மணிக்கும் வெறுங்கால் வைக்க முடியாத சிமெண்ட் தளத்தில், அன்றைய இரண்டாவது ஆட்டம் முடியும் தறுவாயில், எகிறிக் குதித்து இறங்கிய பெண்ணொருத்தி கணுக்கால் பிசகி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆனாலும் அந்தப் போட்டி மூன்று நாளில் முடிந்துவிட்டது. கால் தேற அவளுக்குக் கோடை விடுமுறை முழுவதும் மிச்சமிருந்தது. டபிள்யூஎன்பிஏ வீராங்கனைக்கு அந்த மிச்சம்தான் இல்லை.

1997இல் எட்டு அணிகளோடு தொடங்கியபோது அணிக்கு 28 ஆட்டங்களே இருந்தன. 2003 முதல் நெடுங்காலம் 34ஆக நின்ற எண்ணிக்கை, 2022இல் 36, 2023இல் 40 என்று ஏறியது. நாட்காட்டியோ அதற்கு ஈடாக நீளவில்லை. 2023 லீக் சுற்று மே 19 முதல் செப்டம்பர் 10 வரை, அதாவது 115 நாட்கள் நடந்தது. 2025இல் மே 16 முதல் செப்டம்பர் 11 வரை 119 நாட்கள். நான்கு ஆட்டம் கூடியதற்கு நான்கே நாள் கூடியிருக்கிறது, அதற்குள்தான் பயணமும் பயிற்சியும். காட்பாடியிலிருந்து சென்னைக்கு ரயிலில் இரண்டு மணி நேரத்தில் போய்விடுகிற நமக்கு, நியூயார்க்குக்கும் லாஸ் ஏஞ்சலிஸுக்கும் இடையே ஏறத்தாழ 3,900 கிலோமீட்டர் என்பது எளிதில் மனதில் பதியாது. 2024 முதல் தனி விமானம் தருவதால் அலைச்சல் குறைந்திருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சீசனை அக்டோபருக்கு அப்பால் நீட்டவும் வழியில்லை. ஆண்கள் லீக்கான என்பிஏவும் ஐஸ் ஹாக்கியும் அப்போது தொடங்கிவிடுவதால், பல ஊர்களில் அரங்கம் கிடைப்பதே சிரமம். போதாததற்கு, ஐந்து ஆட்டத் தொடராக இருந்த இறுதிப் போட்டியை 2025இல் ஏழாக்கிவிட்டார்கள்.

என்பிஏவில் 82 ஆட்டங்கள் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். அது நியாயமான கேள்விதான்; அவர்களது ஆட்டம் 48 நிமிடம், இவர்களது 40. ஆனால் அங்கே ஓர் அணியில் 15 பேர் வரை இருக்க, இங்கே 2025இல் 12 பேருக்கு மேல் கிடையாது என்றிருந்தது. ஒருத்தி அடிபட்டால் அவள் ஆட வேண்டிய நிமிடங்கள் மற்றவர்கள் தலையில்தான் விழும்.

லீக்கின் கணக்கும் புரியாததல்ல. கோல்டன் ஸ்டேட் வால்கரீஸ் 13ஆவது அணியாகச் சேர, மொத்த ஆட்டங்கள் 240லிருந்து 286 ஆயின. அதில் 20 மட்டுமே புது அணியால் வந்தவை, மீதி 26ம் இந்த நான்கால் வந்தவை. அத்தனைக்கும் டிக்கெட்டும் ஒளிபரப்பும் உண்டு. அடிப்படைச் சம்பளமோ ஆட்டக் கணக்கில் தரப்படுவதில்லை, சீசனுக்கு இவ்வளவு என்றுதான் பேசப்படுகிறது. 2025 ஜூலையில் இண்டியானாபொலிஸில் நடந்த, லீக்கின் நட்சத்திர வீராங்கனைகள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு முன், எங்களுக்குச் சேர வேண்டியதைக் கொடுங்கள் என்ற பொருள்படும் வாசகம் பொறித்த சட்டையோடு வீராங்கனைகள் வந்து நின்றதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 44 என்ற எண்ணில் எனக்குக் குறையில்லை. இன்னும் இரண்டு வாரம் கொடுத்திருந்தால் அவர்களும் இவ்வளவு சலித்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

உங்கள் ஊர்ப் போட்டியிலும், மாலை ஆட்டத்தை மறுநாள் காலைக்குத் தள்ள முடியுமா என்று நடத்துபவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.