குழுவாக பேக்கரி தொடங்குகிறீர்களா? ஓவனை அப்புறம் வாங்கலாம்

கேள்வி: எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். சமூகக் கூடத்தில் ஒரு சமையலறையும் வீட்டு உபயோக ஓவன் ஒன்றும் உள்ளன. பேக்கரி தொடங்கி, அந்த லாபத்தில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்த ஆசைப்படுகிறோம். சேமிப்பில் பெரிய ஓவன் வாங்கிவிடலாமா? பிரெட்டில் ஆரம்பிக்கலாமா?

பதில்: இரண்டுமே இப்போது வேண்டாம். உங்கள் சேமிப்பு பலருடைய கைக்காசு, அதனால்தான் இவ்வளவு நேராகச் சொல்கிறேன்.

பிரெட்டையே எடுத்துக்கொள்வோம். 10 கிலோ மாவுக்கு 6.2 லிட்டர் தண்ணீர், 300 கிராம் எண்ணெய், உப்பும் சர்க்கரையும் 200 கிராம் வீதம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 100 கிராம் சேர்த்துப் பிசைந்தால் மொத்தம் 17 கிலோ வரும். 450 கிராம் வீதம் பிரித்தால் 37 பிரெட். வெந்து ஈரம் போனபின் ஒவ்வொன்றும் 400 கிராம் அளவில் நிற்கும். வீட்டு ஓவனில் ஓர் ஈட்டுக்கு நாலு வைக்கலாம். ஈட்டுக்கு 40 நிமிடம் என்றால் பத்து ஈடு எடுக்க ஏறக்குறைய ஏழு மணி நேரம். மாவு அதுவரை காத்திருக்காது. ஈஸ்ட் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்; கடைசி ஈடு உள்ளே போகும்போது மாவு புளித்து, தளர்ந்து, விரல் பட்டாலே அமுங்கும். மீந்த பிரெட்டை ஃப்ரிட்ஜில் வைத்தால் வெளியில் இருப்பதைவிட வேகமாக இறுகும் என்பது இன்னொரு தலைவலி.

பிஸ்கட்டில் இந்த அவசரம் கிடையாது. எடைக்கு மாவு மூன்று பங்கு, வெண்ணெய் இரண்டு, சர்க்கரை ஒன்று என்ற பழைய கணக்கே போதும். பிசைந்த மாவு ஃப்ரிட்ஜில் மறுநாள் வரை நிம்மதியாகக் கிடக்கும். வெந்த பிஸ்கட்டில் ஈரம் குறைவு. காற்றுப் புகாத டப்பாவில் வாரக்கணக்கில் தாங்கும். இன்று விற்காதது நாளை நஷ்டமாகிவிடாது. கற்றுக்கொள்ளும் காலத்தில் இதைவிட வேறென்ன வேண்டும்? இரண்டே வகை போதும், அதுவும் ஆர்டர் எடுத்த பிறகு.

முதல் ஈட்டுக்கு முன் ஓவனைத் தெரிந்துகொள்ளுங்கள். ட்ரே முழுக்க பிரெட் துண்டுகளை இடைவெளி இல்லாமல் அடுக்கி, 180 டிகிரி செல்சியஸில் சில நிமிடம் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு மூலையில் இருப்பவை கருகத் தொடங்கும்போது கதவோரம் இருப்பவை வெளுத்தே கிடக்கும். அந்த ட்ரேயை ஒரு போட்டோ எடுத்து ஓவன் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள். எந்த மூலை சூடு, பாதி நேரத்தில் ட்ரேயை எப்படித் திருப்ப வேண்டும் என்று யார் அன்று வேலைக்கு வந்தாலும் புரியும்.

சரி, விலை. பல குழுக்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். "வேலை நாமே செய்கிறோம், கூலி எதற்கு?" என்று விட்டுவிடுவார்கள். மாவு, வெண்ணெய், கேஸ், கவர் எல்லாவற்றையும் கூட்டி மேலே கொஞ்சம் வைத்தால் லாபம் போலத் தெரியும். ஐந்து பேர் மூன்று மணி நேரம் உழைத்து 120 பாக்கெட் போட்டால் ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஏழரை நிமிட உழைப்பு இருக்கிறது. பாத்திரம் கழுவியதும் லேபிள் ஒட்டியதும் அதில் சேர்த்தியா என்று பாருங்கள், பெரும்பாலும் விட்டுப்போயிருக்கும். உறுப்பினர்கள் பணம் வாங்காவிட்டாலும் கூலியை அடக்கவிலையில் எழுதியே ஆக வேண்டும். ஆர்வம் குறைந்து நாலு பேர் விலகும் நாள் வரும். அன்று வெளி ஆளை வைத்தால், உழைப்பை விட்டுவிட்டுப் போட்ட விலை கட்டுப்படியாகாது. திடீரென ஏற்றினால் வாங்குகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். உடைந்தது, கருகியது, ருசி பார்க்கக் கொடுத்தது எல்லாவற்றையும் சேதாரம் என்று தனி வரியில் எழுதுங்கள். பேக்கரி கணக்கும் வகுப்புக் கணக்கும் ஒரே நோட்டில் வேண்டாம்.

பேக்கிங்கில் ஒரே ஒரு எச்சரிக்கை: சூடு முழுக்க ஆறும் முன் கவரில் போடாதீர்கள். உள்ளே வியர்த்து பிஸ்கட் நமத்துப்போகும், கேக் என்றால் பூஞ்சை பிடிக்கும். லேபிளில் கோதுமை, பால், முட்டை, கொட்டை வகை எது இருந்தாலும் எழுதுங்கள். அதே மேசையில் வேர்க்கடலை கையாண்டிருந்தால் அதையும் எழுதுங்கள். ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அது உயிர் விஷயம். உணவு உரிமம், கூடத்தில் வியாபாரம் செய்ய அனுமதி இரண்டையும் விற்பனைக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

பெரிய ஓவன் எப்போது? ஓவனில் இடமில்லாமல் மறுத்த ஆர்டர்களைத் தேதி போட்டு எழுதி வாருங்கள். இரண்டு மூன்று மாதம் அந்தப் பட்டியல் வாராவாரம் நீண்டால் வாங்கலாம். அப்போதும் விலை பேசும் முன், கூடத்தின் மின் இணைப்பு அந்த லோடைத் தாங்குமா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள், வாசல் கதவின் அகலத்தை டேப் வைத்து அளந்துவிடுங்கள்.