பத்து முறை எழுதினால் எழுத்துப்பிழை போய்விடுமா?

கேள்வி: மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகன், ஒரு கதையைக் கேட்டால் அப்படியே திருப்பிச் சொல்வான். சொல்வதை எழுது என்றால் ‘பள்ளிக்கூடம்’ என்பதை ‘பளிகுடம்’ என்று எழுதுகிறான். பிழையான சொற்களைப் பத்துப் பத்து முறை எழுத வைத்தும் மாறவில்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த இம்போசிஷனை நிறுத்துங்கள். நானும் ஒரு காலத்தில் கொடுத்தவன்தான். மூன்றாவது வரிக்கு மேல் கை மட்டும்தான் எழுதும், மனம் எங்கோ போய்விடும். முதல் வரியே பிழையாகிவிட்டால் மீதி ஒன்பதும் பிழைக்கான பயிற்சி!

‘பளிகுடம்’ நல்ல தடயம். ஏழு எழுத்தில் ப, ளி, ட, ம் நான்கும் சரி. பெரியவர்களே தடுமாறும் ளகரத்தைக்கூடச் சரியாகப் போட்டிருக்கிறான். விட்டுப்போனவை ள், க் என்ற இரண்டு ஒற்றுகள், ‘கூ’ குறிலாகிவிட்டது. ஆக, எழுத்து தெரியாதது பிரச்சினை இல்லை. சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைத் தனித்தனியாகப் பிரித்துக் கேட்பதில்தான் சிக்கல். வாசிக்கத் திணறும் குழந்தைகள் பலரிடம் இதைப் பார்க்கலாம். அறிவுக்கூர்மைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

அதனால் பென்சிலுக்கு முன் காதுக்கும் வாய்க்கும் வேலை கொடுங்கள். படம், பட்டம், பாடம் மூன்றையும் மெதுவாகச் சொல்லச் சொல்லுங்கள். ‘பட்டம்’ என்னும்போது நாக்கு ஒரு கணம் மேலே ஒட்டி நிற்கும். அங்கேதான் புள்ளி எழுத்து இருக்கிறது. ‘பாடம்’ நீளும். அப்புறம் எழுத்துக்கு ஒரு பொத்தானாக நகர்த்தியபடி சொல்லட்டும்: ப, ட், ட, ம். பள்ளிக்கூடத்துக்கு ஏழு பொத்தான். எழுதிவிட்டு எண்ணும்போது ஐந்துதான் இருந்தால், மீதி இரண்டு எங்கே என்று அவனே தேடுவான். நீங்கள் சிவப்பு மையை எடுக்க வேண்டியதில்லை.

இன்னொரு துப்பு: பகல், பக்கம் இரண்டையும் சொல்லிப் பாருங்கள். சொல்லின் நடுவில் ககரம் அழுத்தமாகக் கேட்டால் பெரும்பாலும் அதற்கு முன் ஒற்று உண்டு.

‘கொ’ போன்றவற்றில் சிரமம் வேறு. காதில் முதலில் விழுவது ககர ஒலி. கை முதலில் எழுதுவதோ கொம்பு. “ஒற்றைக்கொம்பு, க, கால்” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதப் பழக்குங்கள்.

ந, ண, ன குழப்பத்துக்குப் பக்கத்து எழுத்தே விடை சொல்லும். தகரத்துக்கு முன் ந் (பந்து), டகரத்துக்கு முன் ண் (வண்டி), றகரத்துக்கு முன் ன் (கன்று). ல, ள, ழ வேறுபாட்டைக் கடைசிக்குத் தள்ளுங்கள். பேச்சில் நாமே மூன்றையும் ஒன்றாக்கிவிட்டு அவனைக் குறை சொல்வது நியாயமில்லை.

ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும்: புதிதாக மூன்று சொல், பழையதில் இரண்டு. சரியான எழுத்துகளுக்கு டிக் போடுங்கள். கதை எழுதும்போது மட்டும் பிழை திருத்தவே வேண்டாம். இல்லையென்றால் தெரிந்த சொற்களோடு நின்றுவிடுவான்.

கண், காது பரிசோதனையை இப்போதே முடித்துவிடுங்கள். சில மாதங்கள் விடாமல் செய்தும் முன்னேற்றம் இல்லை, வாசிப்பும் எழுத்துக்கூட்டியே நிற்கிறது என்றால், டிஸ்லெக்சியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம் தரும் கற்றல் குறைபாடு) உண்டா என்று கற்றல் குறைபாட்டு நிபுணரிடம் காட்டுங்கள். போகும்போது அவன் எழுதிய பழைய நோட்டுகளைத் திருத்தாமல் அப்படியே எடுத்துப் போங்கள்.