மாமனாரின் காசுப் பெட்டி: மொத்தமாக விற்பதா, பிரித்து விற்பதா?

கேள்வி: காலமான என் மாமனார் சேர்த்து வைத்த காசுகள் ஒரு டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. வெள்ளி ரூபாய் 38. வருஷம் பார்த்துப் பிரித்தோம்: 1939-க்குள் 26, 1940 முதல் 1945 வரை 9, புலி போட்ட 1947 ரூபாய் 3. பழையதில் இரண்டு 1911. நான்கில் வளையம் ஒட்டியிருக்கிறது. இவை தவிர ஓட்டைக் காலணா ஒரு டப்பா, தாமரை போட்ட 20 காசு ஒரு பை, ஆள் நிற்பது போலத் தேய்ந்த செப்புக் காசு ஏழு, ராமர் பட்டாபிஷேகம் போட்ட 1818 காசு ஒன்று. ஒரு தரகர் எல்லாவற்றுக்கும் சேர்த்து 25,000 ரூபாய் தருகிறார். கொழுந்தன் கொடுத்துவிடலாம் என்கிறார். யூடியூபில் ஒரே காசுக்கு லட்சக்கணக்கில் சொல்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் என் மகனிடம் கொடுத்தனுப்பினால் நல்ல விலை வருமா? — ஒரு வாசகி, கும்பகோணம்.

பதில்: முதலில் அந்தத் தரகரிடம் ‘இப்போதைக்கு விற்கவில்லை’ என்று சொல்லிவிடுங்கள். காரணம் சொல்ல வேண்டாம். பெட்டியை மறுபடியும் அவருக்குத் திறந்து காட்டவும் வேண்டாம். ஏன் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், நாலு வரிதான்.

பிரிட்டிஷ் காலத்து ஒரு ரூபாய்க் காசின் எடை 11.66 கிராம். 1939 வரை வந்ததில் 91.7 சதவீதம் வெள்ளி. அதாவது காசுக்குச் சுத்த வெள்ளி 10.69 கிராம். யுத்த காலத்தில் வெள்ளி தட்டுப்பட்டதால் 1940 முதல் 1945 வரை அடித்த ரூபாயில் பாதிதான் வெள்ளி, 5.83 கிராம். 1947 புலி ரூபாய் முழுக்க நிக்கல். வீட்டுக் காந்தத்தைக் காட்டுங்கள், ஒட்டிக்கொள்ளும். வெள்ளி ஒட்டாது. ஆக உங்கள் 26 காசில் 278 கிராம், 9 காசில் 52 கிராம், மொத்தம் 330 கிராம் சுத்த வெள்ளி இருக்கிறது. தேய்மானத்துக்குக் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். கிராம் 100 ரூபாய் என்று வைத்தாலே 33,000. 200 என்றால் 66,000. இன்றைய வெள்ளி விலை பேப்பரில் இருக்கிறது, பெருக்கிப் பாருங்கள். அந்த எண்தான் உங்கள் தரை. அதற்குக் கீழே யார் கேட்டாலும் அவர் காசு வாங்க வரவில்லை, உங்கள் வெள்ளியை மலிவாக எடுக்க வந்திருக்கிறார்.

மொத்தமாக ஒரு விலை என்று கேட்பதே இந்தத் தொழிலில் ஒரு வித்தை. ஒன்றரை கிலோ செப்பையும் அலுமினியத்தையும் காட்டி, ‘இதெல்லாம் குப்பைம்மா, உங்களுக்காக எடுத்துக்கிறேன்’ என்பார். குப்பையைப் பற்றிப் பேசிக்கொண்டே வெள்ளியை எடுத்துக்கொண்டு போவார். இன்னொரு வகை உண்டு. நாலு காசைத் தனியாகப் பொறுக்கி அதற்கு மட்டும் தாராளமாக விலை சொல்வார். ஐநூறு ரூபாய் காசுக்கு ஆயிரம் கொடுத்தால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். அடுத்த தடவை வரும்போது மீதியைத் தள்ளிக்கொண்டு போய்விடலாம். ‘நாளைக்கு வந்தால் இந்த விலை இருக்காது’ என்பதும் அவர்கள் வாயில் தயாராக இருக்கும் வசனம். எண்பது வருஷமாகப் பெட்டியில் கிடந்த காசு, இன்னும் இரண்டு மாதம் கிடந்தால் கெட்டுப்போகாது.

சரி, யூடியூப். அதில் சொல்லும் விலைக்கு அவர்களே வாங்குவார்களா என்று கேட்டுப் பாருங்கள். தாமரை 20 காசு 1968 முதல் சில வருஷங்கள் கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அது இல்லாத வீட்டு மாடம் குறைவு. அதற்கு யாரும் லட்சம் தரமாட்டார்கள். வைஷ்ணோ தேவி காசு, 786 என்று முடியும் நோட்டு, டிராக்டர் போட்ட 5 ரூபாய் எல்லாம் இதே கதை. அந்த வீடியோவைப் பார்த்து நம்பரைக் கொடுத்தால் ஒருவர் போன் செய்வார். உங்கள் காசுக்கு 4 லட்சம் முடிவாகிவிட்டது, பதிவுக் கட்டணம் மட்டும் 1,500 கட்டுங்கள் என்பார். கட்டினால் ஜிஎஸ்டி, அப்புறம் ரிசர்வ் வங்கி அனுமதிக் கட்டணம், அப்புறம் கூரியர் இன்சூரன்ஸ். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது: பழைய காசு, நோட்டு வியாபாரத்தில் எங்களுக்குச் சம்பந்தம் இல்லை, எங்கள் பெயரில் கமிஷன் வாங்க யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று. இன்னும் மக்கள் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். விற்கிறவர் பணம் கட்ட வேண்டிய வியாபாரம் எதுவும் வியாபாரமே கிடையாது. இதை உங்கள் கொழுந்தனிடமும் சொல்லிவையுங்கள்.

ராமர் பட்டாபிஷேகக் காசை இங்கேயே முடித்துவிடலாம். 1818, யு.கே.எல்., அரை அணா, கிழக்கிந்தியக் கம்பெனி என்றெல்லாம் அதில் இருக்கும். கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை. பிற்காலத்தில் கோவில் வாசல்களில் விற்ற டோக்கன் அது. பூஜையில் வைத்துக்கொள்ளலாம், அதற்கு விலை கிடையாது. இந்த ஒரு காசை வைத்துத்தான் ‘அரிசியை இழுக்கும், கோடிக்கு வாங்க ஆள் இருக்கிறது’ என்று ரைஸ் புல்லிங் கும்பல் அலைகிறது. கோடி வந்த வீடு ஒன்றுகூடக் கிடையாது. சோதனைச் செலவுக்கு என்று கொடுத்து இழந்த வீடுகள் மாவட்டத்துக்கு மாவட்டம் உண்டு. யாராவது உங்களிடம் அரிசியைக் கொண்டுவந்து காட்டினால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

இனி வெள்ளிக்கு வருகிறேன். பழையது என்றால் அரியது என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். விக்டோரியா தலை போட்டு 1862 என்று இருக்கும் ரூபாயைப் பார்த்ததும் வீட்டில் எல்லோருக்கும் ஆசை வந்துவிடும். அந்த 1862 என்ற வருஷத்தையே 1874 வரை போட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். ஊரெங்கும் கிடக்கிறது. எட்வர்டும் ஜார்ஜும் அப்படித்தான். தேய்ந்த சாதாரண ரூபாய்க்கு வெள்ளி விலையும் அதற்கு மேல் கொஞ்சமும்தான். வளையம் ஒட்டிய நாலுக்கு அந்தக் கொஞ்சமும் கிடையாது. சேகரிப்பவர் யாரும் பற்றவைத்த காசைத் தொடமாட்டார். அவை எடைக்கு மட்டும்.

உங்கள் இரண்டு 1911 மட்டும் வேறு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் ஏமாற்று நடக்கிறது. ஐந்தாம் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்ததும் புதுக் காசு அடித்தார்கள். அவர் அங்கியின் மார்பில் ஒரு சின்ன யானை உருவம் உண்டு. அச்சு வெட்டியவர் தும்பிக்கையைக் குட்டையாக வெட்டிவிட்டதால் பார்ப்பதற்குப் பன்றி போல இருந்தது. ராஜாவின் மேல் பன்றியா என்று முஸ்லிம்கள் கொதித்தார்கள். அரசு அந்தக் காசை நிறுத்திப் பெரும்பகுதியை உருக்கிவிட்டு, யானையைத் திருத்தி 1912-இல் புதிதாக அடித்தது. அதனால் ‘பன்றி ரூபாய்’ என்று அதற்குப் பெயர். நீங்கள் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பன்றியைத் தேட வேண்டாம். தேய்ந்த காசில் யானையும் தெரியாது, பன்றியும் தெரியாது. வருஷம் 1911 என்றால் அதுதான், 1912 என்றால் இல்லை, அவ்வளவே. 1912, 1913 காசைக் காட்டி இதிலும் பன்றி தெரிகிறது என்று கூடுதல் விலை சொல்லி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அதே ஆள் உங்களிடம் வாங்கும்போது 1911-ஐப் பார்த்து, ‘யானை நன்றாகத் தெரிகிறதே, சாதாரணம்தான்’ என்பார். நம்பாதீர்கள். இரண்டையும் தனித்தனிக் காகித உறையில் போடுங்கள். மற்ற வெள்ளியோடு தராசில் ஏற்றாதீர்கள். இதற்காகக் கனவு காணவும் வேண்டாம். வீடு கட்டும் பணம் வராது, ஆனால் சாதாரண ரூபாயைவிட நல்ல விலைக்குப் போகும். காசு எவ்வளவு தேயாமல் இருக்கிறதோ அவ்வளவு கூடுதல்.

26-இல் 1939 என்று ஒன்று இருந்தால்? உண்மையில் அது மிக அரிது. அரிது என்பதாலேயே 1938-இன் கடைசி எட்டைச் செதுக்கி ஒன்பதாக்கியவை ஏராளம். விவரம் தெரிந்த இருவரிடம் காட்டாமல் அதைப் பற்றி வெளியே பேசாதீர்கள்.

எந்தக் காசையும் தேய்க்காதீர்கள். புளி, எலுமிச்சை, விபூதி, சபீனா, பல்பொடி எதுவும் வேண்டாம். மஞ்சள் குங்குமம் ஒட்டியிருந்தால் வெறும் தண்ணீரில் அலசி, மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். விற்பதற்கு முன்னால் பளபளப்பாக்குகிறேன் என்று மருமகள்கள் உட்கார்ந்து தேய்த்துத் தந்த காசுகளைப் பார்த்து நான் வாய்விட்டுத் திட்டியிருக்கிறேன். கருத்துப்போன வெள்ளிக்குத்தான் மதிப்பு. தேய்த்தது திரும்பி வராது.

எங்கே விற்பது? வளையம் போட்ட நாலையும், முகம் அழிந்த அளவுக்குத் தேய்ந்ததையும் வெள்ளிக் கடையில் கொடுங்கள். அங்கே ‘பழைய வெள்ளி, 80 டச்சுக்குத்தான் எடுப்போம்’ என்பார்கள். டச் என்றால் நூற்றுக்கு எவ்வளவு சுத்த வெள்ளி என்ற கணக்கு. 1939-க்கு முந்திய ரூபாய் 91.7 டச் என்று நீங்களே சொல்லுங்கள். மெஷினில் டச் பார்க்கச் சொல்லுங்கள். உரைகல்லில் உரசவோ அரம் போடவோ விடாதீர்கள். பாதி வெள்ளிக் காசையும் பழையதையும் கலந்து தராசில் போடவும் விடாதீர்கள், தனித்தனியாக எடை. மீதி வெள்ளியையும் 1911-ஐயும் நாணயக் கண்காட்சிக்கு எடுத்துப் போங்கள். சென்னை, கோவை போன்ற ஊர்களில் நாணயச் சங்கங்கள் நடத்துகின்றன. ஒரே மண்டபத்தில் பல வியாபாரிகள் மேஜை போட்டிருப்பார்கள். முதல் நாள் நீங்கள் ஒன்றும் விற்கக் கூடாது. அதே வருஷத்துக் காசுக்கு மேஜையில் என்ன விலை ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். அதில் பாதி, மிஞ்சினால் முக்கால், உங்கள் கைக்கு வரும். அவர்களும் கடை நடத்த வேண்டும், அது நியாயம்தான். மூன்று பேரிடமாவது கேட்டுவிட்டு மறுநாள் முடிவு செய்யுங்கள்.

மும்பை, பெங்களூர் ஏல நிறுவனங்களுக்கு அனுப்பலாமே என்று யாராவது சொல்வார்கள். தங்க வராகன், அரிய அச்சு என்று இருந்தால் அதுதான் சரியான வழி. உங்கள் பெட்டிக்கு அது தேவையில்லை. கமிஷன் போக, பணம் வர மாதங்கள் ஆகும்.

செப்புக் காசு ஏழும் நீங்கள் சொன்ன அடையாளத்தை வைத்துப் பார்த்தால் ராஜராஜன் காசு வகை. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறு பக்கம் உட்கார்ந்த உருவம், பக்கத்தில் நாகரி எழுத்து. ஆயிரம் வருஷத்துக் காசு. தேய்ந்தது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், அவ்வளவு ஏராளம். இவற்றை விற்காமல் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். யாராவது ‘எங்கே கிடைத்தது’ என்று கேட்டால், மாமனார் காசு வாங்கிச் சேர்த்தவர் என்ற உண்மையைச் சொல்லுங்கள், மண்ணில் கிடைத்ததாகக் கதை கட்டாதீர்கள். 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மண்ணில் புதைந்து கிடைத்தது 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதானால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அன்றைக்குப் பத்து ரூபாய் என்றால் பத்து வெள்ளி ரூபாய். இன்றைக்கு அது அரை டீ. அந்த எண்ணைத் திருத்த ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை. இப்படி வைத்திருப்பதால்தான் வயலில் காசு எடுக்கிறவர் பயந்துபோய் இரவோடு இரவாகத் தரகரிடம் தள்ளிவிடுகிறார். எந்த இடத்தில் கிடைத்தது என்ற விவரமும் அதோடு போய்விடுகிறது.

அரசு தரப்பில் உங்களுக்கு விலை சொல்ல ஆள் உண்டா என்றால், இல்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் அருமையான நாணயப் பிரிவு இருக்கிறது. போய்ப் பார்த்தால் எது என்ன காசு என்று கண் பழகும். விலை சொல்வது அவர்கள் வேலை இல்லை. வங்கியில் கேட்டால் 25 காசும் அதற்குக் கீழும் 2011 ஜூன் 30-ஓடு செல்லாது என்பார்கள். வேறு ஒன்றும் சொல்லமாட்டார்கள். வீட்டுக்கு வீடு காசு இருக்கும் ஒரு மாநிலத்தில், மாவட்டத்துக்கு ஒரு மேஜை போட்டு மாதம் ஒரு நாள் காசு பார்த்துச் சொன்னால் பாதித் தரகர்களுக்கு வேலை போய்விடும். அதைச் செய்ய யாருக்கும் மனம் வரவில்லை.

மகனிடம் கொடுத்தனுப்பும் யோசனையை மறந்துவிடுங்கள். 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் கடந்த காசு தொல்பொருள். தனி ஆள் அதை வெளிநாட்டுக்கு எடுத்துப் போக முடியாது. உங்கள் 1911 ரூபாய், விக்டோரியா, ராஜராஜன் எல்லாம் அதில் வரும். விமான நிலையத்தில் பையைத் திறந்தால் காசும் போகும், பயணமும் போகும். 1940-க்குப் பிந்தியதை எடுத்துப் போகலாமே என்றால், ஒன்பது பாதி வெள்ளிக் காசுக்காகத் தொல்லியல் துறையிடம் ‘இது தொல்பொருள் இல்லை’ என்று சான்றிதழ் வாங்க அலைவது வீண்.

கடைசியாகக் குடும்பக் கணக்கு. விற்பதற்கு முன்னால் ஒவ்வொரு காசின் வருஷம், எடை, இரண்டு பக்கப் படம் வைத்து ஒரு பட்டியல் எழுதி, நீங்களும் கொழுந்தனும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். ‘அண்ணி நல்ல காசை ஒதுக்கிவிட்டார்’ என்ற பேச்சு வராது. அந்தப் படங்களை வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். பணத்தை வங்கிக் கணக்கில் வாங்குங்கள். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதற்கே சட்டத்தில் தடை இருக்கிறது. உங்கள் பெட்டி அந்த அளவுக்குப் போகாவிட்டாலும் ரொக்கத்தில் கள்ள நோட்டுப் பயம் உண்டு. ‘அனுப்பிவிட்டேன், ஸ்கிரீன்ஷாட் பாருங்கள்’ என்று சொன்னால், உங்கள் கணக்கில் ஏறியதை உங்கள் போனில் பார்த்த பிறகு காசை எடுத்துக் கொடுங்கள்.