ஞாயிற்றுக்கிழமை கேட்கும் கிருபையையும் மன்னிப்பையும் மற்ற ஆறு நாளும் எப்படிக் கடைப்பிடிப்பது?

அம்மா படுத்த படுக்கையாய்க் கிடந்த கடைசி எட்டு மாதமும் நான்தான் பார்த்துக்கொண்டேன். அக்கா வந்தது இரண்டே முறை. அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று, "நான் கூட இருந்திருந்தா இன்னும் நல்லா பாத்திருப்பேன்" என்றாள். அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் நான் அவளோடு பேசவில்லை. தினமும் ஜெபம் பண்ணுவேன். "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற இடம் வரும்போது வாய் மட்டும்தான் அசையும்.

என்னை அசைத்தது பைபிளில் மத்தேயு 18-ம் அதிகாரம். பதினாயிரம் தாலந்து கடனை ராஜா தள்ளுபடி செய்த ஊழியக்காரன், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தர வேண்டியவனின் தொண்டையைப் பிடிக்கிற உவமை. ஒரு வெள்ளிப்பணம் அன்றைக்கு ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். அவனுக்குத் தள்ளுபடியானது சுமார் 6 கோடி நாள் கூலி. எத்தனை தலைமுறை உழைத்தாலும் அடையாது.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த நூறு. நூறு நாள் கூலி சில்லறைக் காசு இல்லையே, மூன்று மாதத்துக்கு மேலான உழைப்பு. "உனக்கு நடந்தது ஒன்றுமில்லை, விட்டுவிடு" என்று இயேசு சொல்லவில்லை. நான் தூங்காமல் கழித்த ராத்திரிகள் அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் விடச் சொல்கிறார். அது புரிந்த அன்றுதான் எனக்கு அழுகையே வந்தது.

எபேசியர் 4:32-ல் "மன்னியுங்கள்" என்று வரும் கிரேக்க வினைச்சொல், கிருபையைக் குறிக்கும் 'காரிஸ்' என்ற சொல்லோடு ஒரே வேர். இரண்டும் தனித்தனிப் பாடம் இல்லை. நாம் வாங்கின கிருபையைத்தான் அடுத்தவருக்கு எடுத்துக் கொடுக்கிறோம்.

நடைமுறையில் எனக்கு மிகக் கஷ்டமாயிருந்தது, அந்த "இரண்டே முறை" கணக்கை யாரிடமும் சொல்லாமல் இருந்தது. யாராவது அக்காவை விசாரித்தால் நாக்கு நுனிவரை வந்துவிடும். கோபம் போய்விட்டதா என்று சோதித்துப் பார்ப்பதையும் விட்டேன். பாத்திரம் கழுவும்போது அவள் சொன்ன வார்த்தை அப்படியே காதில் கேட்கும். உடனே, "ஆண்டவரே, இந்தக் கடனை நான் தள்ளிவிட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்வேன். முதல் மாதம் ஒரு நாளைக்குப் பத்துத் தரமாவது சொல்லியிருப்பேன். எத்தனை தரம் மன்னிக்க வேண்டும் என்று கேட்ட பேதுருவிடம் இயேசு ஏழெழுபது தரம் என்று சொன்னது எனக்கு அப்போதுதான் பெரிய எண்ணாகத் தெரியவில்லை.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அடித்துத் துன்புறுத்துகிறவரோடு திரும்பப் போய் வாழ்வதுதான் மன்னிப்பு என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். லூக்கா 17:3 முதலில் எச்சரிக்கையாயிருக்கச் சொல்கிறது, பிறகு கடிந்துகொள்ளச் சொல்கிறது, மனஸ்தாபப்பட்டால் மன்னிக்கச் சொல்கிறது. விலகி இருந்துகொண்டும், போலீசில் புகார் கொடுத்துவிட்டும்கூட மனதார மன்னிக்கலாம்.

ஒரு ஞாயிறு காணிக்கை நேரத்தில் மத்தேயு 5:23-24 நினைவுக்கு வந்தது. உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால் காணிக்கையை வைத்துவிட்டுப் போ என்கிறது அது. அக்காவுக்கு என்மேல் என்ன குறை இருக்கும் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. பயந்துவிடுவாளே என்று அம்மாவின் நிலைமையை அவளிடம் குறைத்துக் குறைத்தே சொல்லியிருந்தேன். எழுந்து வெளியே போய் போன் போட்டேன்.

"அம்மாவுக்கு அவ்வளவு முடியலன்னு உங்கிட்ட நான் சொல்லவே இல்லக்கா. என்னை மன்னிச்சிடு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "கடைசியா அம்மா என்ன பேசினாங்க?" என்று கேட்டாள். சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.